வாக்காளர் இடாப்பில் பெயர் வெட்டுப்பட்டால் என்ன செய்வது?

குளக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். இது விளங்கினவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

நான் முல்லைத்தீவு மாவட்டம், ஒரு குளத்தடிக் கிராமம். எட்டு வருடம் கொழும்பில் அச்சகத்தில் வேலை செய்தேன். அந்தக் காலம் முழுவதும் என் பெயர் ஊரில் அப்பாவின் வீட்டோடுதான் இருந்தது. போன வருடம் அப்பா காலமானார். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து வயலைப் பார்க்கிறேன். இப்போது நித்திரை கொள்வதும் விழிப்பதும் இந்த வீட்டில்தான்.

நேற்று வாக்காளர் இடாப்புத் திருத்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். நீக்கப்படும் பெயர்கள் என்ற தாளில் அப்பாவின் பெயர் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்த வரியில் என் பெயர். செத்த மனிசனோடு சேர்த்து என்னையும் வெட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அந்தத் தாளுக்கு முன்னாலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது. கணக்கெடுக்க வந்த அன்று நான் நெல் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருந்தேன். "மகன் எங்கை?" என்று கேட்டதற்கு அம்மா எட்டு வருடப் பழக்கத்தில் "கொழும்பிலை" என்று சொல்லியிருக்கிறார். யாரிலும் பிழை சொல்ல வரவில்லை. இனி என்ன செய்ய வேண்டும்? அடுத்த தேர்தலில் வாக்குப் போட முடியாதா?

ஓய்வு விதானை

தம்பி, பயப்பட வேண்டாம். நீங்கள் பார்த்தது முடிந்த பட்டியல் இல்லை, திருத்தத்துக்கு விட்ட பட்டியல். அதைச் சுவரில் ஒட்டுவதே உங்களைப் போன்றவர்கள் வந்து "இது பிழை" என்று சொல்வதற்காகத்தான்.

நான் இருபத்தேழு வருடம் கிராம அலுவலராக, ஊர்ப் பேச்சில் விதானையாக, இருந்தவன். நெடுங்கேணிப் பக்கமும் பிறகு வவுனியா நகரத்துக்குக் கிட்டவும் வேலை செய்தேன். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இந்த வேலை முழுவதும் 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் நடக்கிறது. தேருநர் என்றால் வாக்காளர்தான், சட்டத்தில் அப்படி எழுதுவார்கள். இந்தச் சட்டத்தின்படி இடாப்பை ஒவ்வொரு வருடமும் திருத்த வேண்டும், தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும். முன்பு தகைமைத் திகதி யூன் 1. 2021இல் வந்த திருத்தத்தோடு அது பெப்ரவரி 1 ஆனது. அன்றைக்கு நீங்கள் வழமையாக வசிக்கும் இடம் எதுவோ அங்கேதான் பதிவு. அதே திருத்தம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. பெப்ரவரிக்குப் பிறகு 18 வயது ஆகிறவர்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்களுக்கென்று அந்த வருடத்துக்குள்ளேயே குறைநிரப்புப் பட்டியல் தயாரிக்கிறார்கள். வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் இதைக் கவனியுங்கோ.

கிராம அலுவலர் கணக்கெடுக்கிறார், வீட்டு வாக்காளர்களின் பெயர் எழுதும் பீ.சீ. படிவத்தில் வீட்டுத் தலைவர் ஒப்பமிடுகிறார், அது மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே பழைய இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு பட்டியல் எடுப்பார்கள். ஒன்று சேர்க்கப்படும் பெயர்கள், மற்றது நீக்கப்படும் பெயர்கள். அந்த இரண்டையும்தான் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அறிவித்ததிலிருந்து 28 நாளுக்குள் கோரிக்கையோ ஆட்சேபனையோ எழுத்தில் கொடுக்கலாம். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதன் பிறகுதான் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படும்.

கிராம அலுவலருக்குப் பெயரை வெட்டும் அதிகாரம் இல்லை. அவர் கண்டதைக் குறித்துக் கொடுப்பவர், தீர்மானிப்பது பதிவு உத்தியோகத்தர். அதனால் கிராம அலுவலரிடம் போய்க் கதைத்துவிட்டு "சொல்லிவிட்டேன்" என்று வீட்டில் இருக்க வேண்டாம். எழுத்தில் கொடுங்கோ, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. வதிவை உறுதிப்படுத்த கரண்ட் பில், காணிப் பெர்மிட், கமநல சேவை நிலையத்தில் உரம் எடுத்த துண்டு, எது இருந்தாலும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கோ.

செட்டிகுளத்து ரீச்சர்

விதானை ஐயா சொன்னதோடு இன்னொன்று. எங்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பு அனுமதிக் காலம் வந்தால்தான் பல பெற்றோருக்கு இடாப்பே நினைவுக்கு வருகிறது. பாடசாலைக்குக் கிட்டிய வதிவு என்று விண்ணப்பிப்பவர்களிடம் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பிரதியைக் கேட்கிறார்கள். ஒரு வருடம் விடுபட்டால் புள்ளி குறையும்.

போன முறை ஒரு தாய் என்னிடம் அழுதார். வீடு பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் கலியாணம் முடித்து நாலு வருடமாகப் பெயரைப் பிறந்த வீட்டிலிருந்து மாற்றவே இல்லை. "வாக்குப் போட பஸ் ஏறி அம்மா வீட்டை போறது எனக்கு விருப்பம் ரீச்சர்" என்றார். அந்த விருப்பத்துக்குப் பிள்ளையின் அனுமதி விலையாகிவிட்டது. கலியாணம் முடித்து இடம் மாறிய பெண்களே, தயவுசெய்து பெயரை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

கரைச்சியான்

நல்ல இழை. நான் கிளிநொச்சி. வெளியூர் ஆட்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் வன்னி மண்ணில் இருந்தாலும் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒரு தொகுதி. மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு வீடு மாறினால் தேர்தல் மாவட்டமே மாறிவிடும். பெயரை மாற்றாதவர் பழைய இடத்துக்குத்தான் போய்ப் புள்ளடி போட வேண்டும்.

இன்னொரு கதையும் இருக்கிறது. என் தாத்தா கண்டிப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை கொடுத்தபோது தோட்டத்து ஆட்களும் வாக்குப் போட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமை இல்லாதவர்களின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்தார்கள். 1977 கலவரத்தோடு தாத்தா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டினார். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம். தாத்தா இரண்டையும் காணவில்லை. வளர்ந்த மனிதராய் வாழ்ந்த காலம் முழுவதும் அவர் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

2024இல் என் மகள் முதன்முறை வாக்குப் போட்டாள். வாக்காளர் அட்டை தபாலில் வந்தபோது அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அட்டை இல்லாமலே அடையாள அட்டையோடு போய் வாக்குப் போடலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அந்த இடத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

பூநகரி நிலா

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. எங்கள் ஆட்கள் எத்தனையோ ஆயிரம் பேர் வெளிநாட்டில். அவர்களின் வீடு வளவு இங்கேதான், வேரும் இங்கேதான். கனடாவில் இருக்கும் அண்ணாவின் பெயரைப் பீ.சீ. படிவத்தில் நானே எழுதினால் என்ன? பெயர் குறையக் குறைய எங்கள் ஆசனமும் குறைகிறது. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. இடாப்பைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி எங்கள் குரலைத்தான் சுருக்கினார்கள்.

ஓய்வு விதானை

தங்கச்சி, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. கணக்கும் சரிதான். நாடாளுமன்றத்தில் 225 பேர். அதில் 29 தேசியப் பட்டியல். மிச்சம் 196இல் மாகாணத்துக்கு 4 என்று 36 ஆசனம். மீதி 160ஐ, பதிவு செய்த வாக்காளர் தொகையை வைத்துத்தான் மாவட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். 2024இல் நாடு முழுவதும் 1 கோடியே 71 லட்சத்து 40 ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர். 160ஆல் பிரித்தால் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு ஓர் ஆசனம் என்று வரும். வாக்குப் போடும் ஆட்களை இதற்கு எண்ணுவதில்லை, இடாப்பில் இருக்கும் பெயர்களைத்தான் எண்ணுகிறார்கள். ஆகவே பெயர் ஆசனமாக மாறுகிறது என்பது உண்மை.

ஆனால் 2010ஐக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கோ. அந்த வருடம் நடந்த ஜனாதிபதித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் இரண்டுக்கும் பயன்பட்டது 2008ஆம் ஆண்டு இடாப்பு. 2008இல் வன்னியில் யார் வீடு வீடாய்ப் போய்க் கணக்கெடுக்க முடியும்? பழைய பெயர்கள் அப்படியே வந்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 7 லட்சத்து 21 ஆயிரம் பெயர். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். 2015 தேர்தலுக்கு வந்தபோது அதே மாவட்டத்தில் 5 லட்சத்து 29 ஆயிரம் பெயர்தான். ஒன்பது ஆசனம் கிடைத்தது செத்தவர்களின் பெயராலும் போய்விட்டவர்களின் பெயராலும். அந்த ஒன்பது பேரைத் தெரிவு செய்தது நூற்றில் 23 பேர். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆள் இல்லாத பெயர் திறந்து கிடக்கும் வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கள்ள வாக்குப் போடுகிறவன் தேடுவது அந்தப் பெயரைத்தான். வெளிநாட்டிலிருந்து வாக்குப் போட எங்கள் நாட்டில் வழியும் இல்லை. அப்படியிருக்க, அங்கேயே குடியாகிவிட்ட அண்ணாவின் பெயரை எழுதி நீங்கள் ஒப்பமிட்டால் அது பொய்க் கூற்று, குற்றம். பிழை அண்ணாவுக்கு வராது, ஒப்பமிட்ட உங்களுக்கு வரும்.

ஆசனம் கூட வேண்டும் என்றால் இங்கே உயிரோடு இருந்தும் இடாப்பில் இல்லாதவர்களைத் தேடுவோம். குளக்கட்டுத் தம்பியைப் போல ஒவ்வொரு கிராமத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பூநகரி நிலா

வாக்களிப்பு வீதத்தை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை ஐயா. ஆனால் போனவர்கள் தாங்களாக விரும்பிப் போகவில்லை என்பதை இடாப்பு எங்கே எழுதுகிறது? அது எனக்குத் தாங்கவில்லை. அண்ணாவின் பெயரை எழுதமாட்டேன், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

முசலி மைந்தன்

நிலா அக்கா கேட்ட கேள்வி எங்களுக்கும் உண்டு. நாங்கள் 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு புத்தளத்துக்குப் போன முஸ்லிம் குடும்பம். நான் புத்தளத்தில் பிறந்தேன். வாப்பா கடைசிவரை மன்னார் இடாப்பிலிருந்து பெயரை எடுக்க விடவில்லை. "இடாப்பிலை இருந்து போனா ஊருக்கு ஆரோ ஆகிடுவோம்" என்பார்.

சட்டம் வழமையான வதிவிடத்தைக் கேட்கிறது. முகாமில் இருபது வருடம் இருந்தவனின் வழமையான வதிவிடம் எது? இந்தச் சிக்கலுக்காக 2013இலும் 2017இலும் விசேட ஏற்பாட்டுச் சட்டங்கள் கொண்டுவந்தார்கள். இடம்பெயர்ந்தவர் தன் பழைய மாவட்டத்தில் பதிவு கேட்டு விண்ணப்பிக்க அவை இடம் கொடுத்தன. சரி, பெயர் கிடைத்தது. அப்புறம் வாக்குப் போட புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் அன்று விடிய, அப்படி வந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் கல்லெறிந்து துப்பாக்கியால் சுட்டார்கள். எங்கள் உறவுக்காரர்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்.

இப்போது நான் சிலாவத்துறைக்குக் கிட்ட வீடு கட்டி இருக்கிறேன். பெயர், வீடு, வாக்களிப்பு நிலையம் மூன்றும் ஒரே ஊரில். நடந்துபோய் வாக்குப் போட்டுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கலாம். வாப்பாவுக்கு இது கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவள்

நான் திருச்சிக்குக் கிட்ட ஒரு அகதி முகாமில் பிறந்து 2012இல் ஊருக்கு வந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு இடாப்புக்கு முன்னால் இன்னும் மூன்று படி இருக்கிறது. இந்தியப் பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து இலங்கைக் குடியுரிமைப் பதிவு, பிறகு தேசிய அடையாள அட்டை. எனக்கு நாலு வருடம் எடுத்தது. முகாமில் இருந்து வருகிறவர்கள் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்திலேயே குடியுரிமைப் பதிவை முடித்துக்கொண்டு வாருங்கள்.

அங்கே 2025இல் பீகாரில் நடந்ததையும் பார்த்தேன். தீவிரத் திருத்தம் என்று செய்து ஓகஸ்ட் 1இல் வரைவுப் பட்டியல் விட்டபோது 65 லட்சம் பெயர் இல்லை. யாருடைய பெயர், ஏன் எடுத்தீர்கள் என்று காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நீக்கப்படும் பெயர்களைச் சுவரில் ஒட்டுகிறார்கள் என்பது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தாள் இருந்ததால்தான் குளக்கட்டு அண்ணை இன்றைக்கு இங்கே கேள்வி கேட்கிறார்.

நந்திக்கடலோரம்

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

என் தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில் எங்களோடு வந்தவன். அதன் பிறகு காணவில்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் பீ.சீ. படிவத்தில் அவன் பெயரை எழுதுவார். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் மனப்பாடம். எழுதும்போது கை நடுங்காது. மற்ற எந்தப் படிவத்துக்கும் என்னைக் கூப்பிடுகிறவர் இதைத் தானே எழுதுவார். ஒரு வருடம் கிராம அலுவலர் மெதுவாக, "அம்மா, இதிலை இப்ப இருக்கிற ஆக்களைத்தான் எழுதோணும்" என்றார். அம்மா பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் படிவம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது.

விதானை ஐயா, ஆளில்லாத பெயர் திறந்த வீடு என்று எழுதினீர்கள். நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது அம்மா. நான் என்ன செய்ய?

ஓய்வு விதானை

மகள், மன்னிக்க வேண்டும். அதை எழுதும்போது உங்கள் அம்மாவைப் போன்றவர்களை நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். என் பிரிவிலும் நாலு வீடு இருந்தது.

சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடாப்பு கேட்பது ஒரே கேள்வி. அந்தத் திகதியில் இந்த ஆள் இந்த இடத்தில் வழமையாக வசிக்கிறாரா? உயிரோடு இருக்கிறாரா என்று தீர்மானிக்கும் வேலை அதற்கு இல்லை. ஆகவே இடாப்பில் பெயர் இல்லாமல் போனால் அது மரணச் சான்றிதழ் ஆகாது. தம்பியைத் தேடும் உங்கள் உரிமை அதனால் குறையாது. நாளைக்கே அவர் வாசலில் வந்து நின்றால் மறுபடி பதியலாம்.

2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமல் காணப்படாமைச் சான்றிதழ் என்று ஒன்றைப் பெறலாம். செத்துவிட்டார் என்று யாரும் ஒப்பமிடத் தேவையில்லை. அம்மாவுக்கு அவன் பெயர் எழுதிய ஓர் அரச தாள் கையில் வேண்டும் என்றால் அது ஒருவேளை உதவும். வேண்டாம் என்றால் அதுவும் அவர் விருப்பம்.

என் பிரிவில் நான் செய்தது ஒன்றுதான். அந்த நாலு வீட்டுக்கும் படிவத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரப்பச் சொல்லமாட்டேன். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். பிள்ளையைப் பற்றிச் சொன்னால் கேட்பேன். அடுத்த கிழமை வந்து வாங்குவேன். சிலர் எழுதியிருந்தார்கள், சிலர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததைக் குறித்து மேலே அனுப்பினேன். அவர்கள் எழுதியதை ஒருநாளும் என் கையால் வெட்டவில்லை.

நந்திக்கடலோரம்

நன்றி ஐயா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த விதானையார் எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார்.

குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. நேற்று முல்லைத்தீவுக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போய் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கோரிக்கையை எழுத்தில் கொடுத்தேன். கரண்ட் பில் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. உரம் எடுத்த துண்டில் என் பெயர் இருந்தது, அதைக் கொடுத்தேன். அம்மா தன் கையால் ஒரு கடிதமும் எழுதித் தந்தார்: "என் மகன் என்னோடு இருக்கிறார், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்." அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே இருந்த உத்தியோகத்தர் எங்கள் கிராமத்துப் பழைய இடாப்பைத் திறந்து காட்டினார். பெயர்கள் அகர வரிசையில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக இருந்தன. விரலை வைத்துக்கொண்டு போனால் ஊருக்குள் நடந்து போவது போலவே இருந்தது. முதலில் கோயிலடி, பிறகு ராசாத்தி அக்கா வீடு, பிறகு எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான். மூன்று வரி.

விசாரணைக்குத் திகதி கடிதத்தில் வரும் என்றார். பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன் ஐயா. இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பொடியள், இருவருக்கும் இந்த யூலையில் 18 ஆகிறது. அவர்களுக்குக் குறைநிரப்புப் பட்டியல்தானே?

ஓய்வு விதானை

ஓம் தம்பி, அதுதான். அடையாள அட்டை எடுத்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கோ.